கீச்சிடும் பிரேக்கில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு மின்சாரக் கார், முன்சக்கர டிஸ்க்கில் எண்ணெய் வழிய எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வந்திருக்கிறது. யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, துரு நீக்கும் ஸ்ப்ரேயை டிஸ்க் மேலேயே அடித்துவிட்டார் வண்டிக்காரர். சத்தம் நின்றது உண்மைதான். ஆனால் அடுத்த சிக்னலில் வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. குறுக்கே யாரும் வராததால் தப்பித்தார்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்துவது பேட். அது ஒருமுறை எண்ணெயைக் குடித்துவிட்டால் கழுவி எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். தேங்காய் எண்ணெயோ, கிரீஸோ, ஸ்ப்ரேயோ எதுவும் டிஸ்க்கிலும் பேட்டின் உராயும் முகத்திலும் படவே கூடாது. வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள், தயவுசெய்து.

அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அதன் பிரேக்கை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. கேட்டால் எல்லோரும் சொல்கிற அதே பதில்: "ஈ.வி. தானே சார், ரீஜென்லயே நின்னுடும். பேட் தேயவே தேயாது."

ரீஜென் என்றால், மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது. அதனால் பேட் மெதுவாகத் தேயும் என்பது சரி. ஆடி நிறுவனம் தன் முதல் இ-ட்ரான் காரில் 0.3 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு) வரையிலான வேகக் குறைப்பை மோட்டாரே பார்த்துக்கொள்ளும்படி அமைத்தது. அன்றாட ஓட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் தேயாத பிரேக் கெடாது என்று யார் சொன்னது? பெட்ரோல் காரில் ஒவ்வொரு சிக்னலிலும் பேட் டிஸ்க்கை உரசிச் சூடாக்கி, ஈரத்தை விரட்டி, துருவைச் சுரண்டிவிடுகிறது. மின்சாரக் காரில் அந்த உரசல் அபூர்வம். டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு. மழையில் நனைந்து, வாட்டர் வாஷில் நனைந்து, அப்படியே நின்றால் துரு ஏறத்தான் செய்யும். பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் நகர்வது ஸ்லைடு பின் என்ற கம்பிகள் மேல்; அதில் கிரீஸ் காய்ந்து காலிப்பர் இறுகிவிடும். அப்புறம் உள்பக்க பேட் தேய்ந்து தகடாகியிருக்கும், வெளிப்பக்க பேட் புதுசாகவே இருக்கும். சக்கர இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து "பேட் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்புகிற மெக்கானிக் தோழர்களே, நீங்கள் பார்த்தது வெளிப்பக்கத்தை மட்டும்தான்.

ஃபோக்ஸ்வேகன் ஐ.டி.3, ஐ.டி.4 கார்களில் பின்னால் டிரம் பிரேக் வைத்ததைச் சிக்கனம் என்று பலர் குறை சொல்கிறார்கள். அதிகம் வேலையில்லாத பின்பிரேக் மூடிய டிரம்முக்குள் துருவிலிருந்து தப்பிக்கும் என்பது அதற்கு ஒரு நல்ல காரணம். டெஸ்லாவோ, குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை காலிப்பரைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்கிறது. நம் சாலையில் யாரும் உப்பு தூவுவதில்லைதான். ஆனால் திருவான்மியூரிலும் தூத்துக்குடியிலும் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது.

சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கர்ரென்று வந்து மறைந்தால் மேல்துரு, கவலை வேண்டாம். மெதுவாக நிற்கும்போது மட்டும் கிரீச்சென்றால் பெரும்பாலும் வழுவழுப்பான பேட். பிரேக்கைத் தொடாதபோதும் விடாமல் கீச்சிட்டால் பேட் முடிந்து எச்சரிக்கைத் தகடு உரசுகிறது, இல்லையென்றால் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் காலிப்பர்தான். டிஸ்க்கில் கையை வைத்துப் பார்க்காதீர்கள். இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தமா? ஓட்டவே வேண்டாம், ஏற்றி அனுப்புங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் பேட்டை வெளியே எடுத்து இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். லேசான வழுவழுப்புக்கு உப்புத்தாள் போதும். ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டும்தான், சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிவிடும். டிஸ்க்கில் குழி விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம், ஆனால் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் சர்வீஸ் மோடு (பழுதுபார்ப்பதற்கான நிலை) போடாமல், பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளாதீர்கள். பேட்டரிக்கு அடியில் ஜாக் கொடுக்காதீர்கள். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், அது உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும்.

ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத நேரான சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சில முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பல கார்களில் பெடலை மிதித்தாலும் முதலில் ரீஜென்தான் இறங்கும், அதனால் லேசாகத் தொட்டால் பேட் உரசாது. மழையில் நனைந்த வண்டியை நிறுத்தும் முன்பும் இப்படிச் செய்யலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜெனுக்கு இடமில்லை, மேட்டுப்பாளையம் வரை முழுப் பாரமும் அந்தத் துருப்பிடித்த பிரேக் மேல்தான் விழும். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பிரேக் ஆயிலையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. விடுமுறைக்குக் கிளம்பும் முந்தைய வாரமே நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். "டயரை மட்டும் மாத்திப் போட்டோம் சார்" என்றால் பில்லைக் கட்டாதீர்கள்.