நூறு கிராம் பூவுக்கு இவ்வளவு கட்டணமா?

செப்டம்பர் இரண்டாவது வாரம் பிறந்துவிட்டால் எங்கள் ஆய்வகத்தில் யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கில், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் அறுவடை அப்போது உச்சத்தில் இருக்கும். விரல் நுனியெல்லாம் மஞ்சள் பிசுக்கு ஒட்டியிருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாது. வீட்டில் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால்கூட லேசாகக் கசக்கும்.

அப்படி ஒரு நாள் மாலை, கதவை மூடப்போகும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கையில் ஒரு பையோடு வந்தார். சிறு விவசாயி. சுவரில் இருந்த கட்டணப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். "நூறு கிராம் பூ. மெஷினில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் எண் வந்துவிடுகிறது. அதற்கு இவ்வளவா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வரிசையில் பத்துப் பைகள் காத்திருந்ததால் அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அரசு ஆய்வகத்தில் எந்தப் பொருளைச் சோதிக்கக் கொடுப்பவருக்கும் இதில் ஏதாவது ஒன்று உதவும்.

ஹாப்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரு கொடி. 18 அடி உயரத்துக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கயிற்றில் ஏற்றிவிடுவார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை இருட்டு உடனே பிடிபடும், அகத்திக்குப் பதில் இங்கே மரக்கம்பம், அவ்வளவுதான். ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. வேண்டியது பெண் கொடியின் பூ மட்டும். பூவிதழ்களின் அடியில் மஞ்சள் பொடியாக லுபுலின் இருக்கும். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதான். கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் காஸ்கேட் போன்ற மண ரகங்களில் 5 முதல் 7 சதவீதம் இருக்கும். கசப்புக்கென்றே வளர்க்கும் ரகங்களில் 15 சதவீதத்தையும் தாண்டும். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பங்கு வாஷிங்டனில் விளைகிறது. மீதி கிட்டத்தட்ட முழுவதும் ஐடஹோவிலும் ஓரிகனிலும்.

பறித்த பூவைச் சூடான காற்றில் ஈரம் 8 முதல் 10 சதவீதம் வரும்வரை உலர்த்தி, ஏறக்குறைய 200 பவுண்டுப் பொதிகளாக அழுத்திக் கட்டுவார்கள். ஈரம் கூடினால் பொதி உள்ளுக்குள் தானாகவே சூடேறும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். 2006 அக்டோபரில் யாக்கிமாவில் ஒரு கிடங்கு எரிந்தபோது, அந்த ஆண்டு அமெரிக்க விளைச்சலில் ஏறக்குறைய 4 சதவீதம் சாம்பலானது. ஈரப்பத எண்ணை இந்த ஊரில் யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

சரி, அந்த 'இரண்டு நிமிட' விஷயத்துக்கு வருவோம்.

பை வந்ததும் எண் போட்டுப் பதிய வேண்டும். பூவை அரைக்க வேண்டும். லுபுலின் பிசின் மாதிரி பிளேடில் அப்பிக்கொள்ளும். அதைத் துடைக்காமல் அடுத்த பையை அரைத்தால், முந்தைய விவசாயியின் ஆல்ஃபா அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். அரைத்ததில் 5 கிராம் நிறுத்து, 100 மில்லி டொலுயீன் என்ற கரைப்பானை ஊற்றி, அரை மணி நேரம் குலுக்க வேண்டும். படிந்த பிறகு மேல் தெளிவை எடுத்து மெத்தனாலில் கலந்து, காரம் (ஆல்கலி) சேர்த்த மெத்தனாலில் இன்னொரு முறை நீர்க்கச் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் மெஷின். 275, 325, 355 நானோமீட்டர் என மூன்று அலைநீளங்களில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஆல்ஃபா அமிலத்தையும் பூவிலுள்ள இன்னொரு வகையான பீட்டா அமிலத்தையும் கணக்கிடுகிறோம். 275-ல் வந்த எண்ணை 325-ல் வந்த எண்ணால் வகுத்தால் சேமிப்புக் குறியீடு கிடைக்கும். புதுப் பூவென்றால் அது 0.25-ஐ ஒட்டி இருக்கும். பூ பழசாக ஆக ஏறும்.

பெரியவர் பார்த்தது கடைசி இரண்டு நிமிடத்தைத்தான்.

அதற்கு முன்னும் பின்னும் நடப்பதில் பாதி அவருடைய பூவே அல்ல. பூவே இல்லாத வெற்றுக் கரைசலை ஓட்ட வேண்டும். மதிப்பு ஏற்கெனவே தெரிந்த மாதிரியை ஓட்டி, மெஷின் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பைகளை இரண்டு தடவை செய்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதில் எதற்கும் தனியாக ரசீது கிடையாது. பயன்படுத்திய டொலுயீனைத் தொட்டியில் கொட்ட முடியாது. அபாயக் கழிவு என்று பீப்பாயில் அடைத்து, உரிமம் பெற்றவரிடம் பணம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கரைப்பானை வாங்கவும் காசு, தொலைக்கவும் காசு.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், முந்தைய நாள் கலந்துவைத்த கார மெத்தனாலையே மறுநாளும் எடுத்துவிட்டேன். அது அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டியது. மதிப்புத் தெரிந்த மாதிரி கோணல் எண்ணைக் காட்டியபோதுதான் உறைத்தது. காலையிலிருந்து செய்த அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். விவசாயிகள் யாருக்கும் கூடுதல் பில் போகவில்லை. அப்படியானால் அந்த அரை நாள் கூலியை யார் கொடுத்தார்கள்? யோசித்துப் பார்த்தால், எல்லாரும் கொடுத்தார்கள். மறுசோதனை என்பது கட்டணத்துக்குள்ளேயே கரைந்து கிடக்கும் செலவு. அது எவ்வளவு என்று கேட்கிற உரிமை கட்டணம் கட்டுகிறவருக்கு உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

தொகையை யார் முடிவு செய்கிறார்கள்? கூட்டாட்சி அளவில் அடிப்படை 1946-ம் ஆண்டின் வேளாண் சந்தைப்படுத்தல் சட்டம். விருப்பத்தின்பேரில் கேட்டுப் பெறும் சோதனைக்கு நியாயமான, சேவையின் செலவை முடிந்தவரை ஒட்டிய கட்டணத்தை வாங்கலாம் என்கிறது அது. லாபம் பார்க்கவும் கூடாது, இனாமாகவும் தரக்கூடாது. 2014-ல் வேளாண் துறையின் சந்தைப்படுத்தல் பிரிவு இதற்கு ஒரு சூத்திரத்தை விதியாக்கியது. நேரடியாக வேலை செய்பவர்களின் சம்பளத்தை அவர்கள் உழைத்த மணிக்கணக்கால் வகுத்து, விலைவாசி உயர்வைச் சேர்த்து, அதன் மேல் ஊழியர் சலுகைச் செலவு, நடத்துச் செலவு, கடைசியாக வராக்கடன். இதெல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரக் கட்டணம். கூடுதல் நேர வேலைக்கு சம்பளப் பகுதி ஒன்றரை மடங்கு, விடுமுறை நாளில் இரண்டு மடங்கு.

வராக்கடன் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். சோதனை செய்துகொண்டு காசு கட்டாமல் போனவருடைய பங்கை, ஒழுங்காகக் கட்டுகிறவர் சுமக்கிறார் என்பதுதான் அதன் பொருள். இதை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன், மளிகைக் கடை அண்ணாச்சியும் இதைத்தானே செய்கிறார்? அவர் சூத்திரம் எழுதி வெளியிடுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டணம் வேறு, வரி வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ல் கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில் இதைப் பிரித்துச் சொன்னது: பெறுபவருக்குக் கிடைக்கும் பயனை ஒட்டித்தான் ஓர் அரசு அமைப்பு கட்டணம் வாங்கலாம், வரி போடுவது நாடாளுமன்றத்தின் வேலை. இந்தியாவில் நாம் இதை இருபது வருடம் முன்பே பேசி முடித்துவிட்டோம். 1954-ல் சிரூர் மடத்து வழக்கில், சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டம் மடங்களிடம் வாங்கிய பங்களிப்பு, சேவைக்கு ஈடான கட்டணம் அல்ல, வரிதான் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயில் கணக்கும் ஹாப்ஸ் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மாநில அளவில் வாஷிங்டனின் விதித்தொகுப்பில் ஹாப்ஸ் சோதனைக் கட்டணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதை மாற்ற அதிகாரி ஒருவர் நினைத்தால் மட்டும் போதாது. 2007-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 960-ம் எண் முன்மொழிவின்படி, கட்டணத்தை உயர்த்துவதற்கு சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கப்புறம் மூன்று படிவங்கள்: சி.ஆர்.101 என்றால் யோசிக்கிறோம், 102 என்றால் இதோ வரைவு, கருத்துச் சொல்லுங்கள், 103 என்றால் முடிந்துவிட்டது. எங்கள் கவுன்டரில் புகார் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் 103-க்குப் பிறகு வருகிறார்கள். அப்போது நான் தலையாட்ட மட்டும்தான் முடியும்.

இனி உண்மையான சிக்கல். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை பைகள் மலைபோலக் குவியும். பிப்ரவரியில் தூசி தட்டுவோம். ஆனால் மெஷினுக்கும் ஆளுக்கும் கட்டடத்துக்கும் பன்னிரண்டு மாதமும் செலவு. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், வருட நிலைச் செலவு 3 லட்சம் டாலர், பைகள் 3,000 என்றால் பைக்கு 100 டாலர். கரைப்பானுக்கும் கழிவுக்கும் 20 சேர்த்தால் 120. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று ஆயிரம் பேர் தனியார் ஆய்வகத்துக்கோ, வாங்கும் வியாபாரியின் ஆய்வகத்துக்கோ போய்விட்டால் மீதி 2,000 பைக்கு நிலைச் செலவு 150, ஆக மொத்தம் 170. அதைப் பார்த்து இன்னும் ஐந்நூறு பேர் கிளம்புவார்கள். செலவை ஒட்டியே கட்டணம் என்பது நியாயமான கொள்கைதான். ஆனால் விருப்பப்பட்டவர் மட்டும் வரும் சேவையில் அந்தக் கொள்கை தன் வாலைத் தானே கடிக்கும். அதனால் என் கருத்து இது: கட்டணத்தை ஐந்து வருடம் தொடாமல் வைத்திருந்து ஒரேயடியாக ஏற்றுவதைவிட, வருடா வருடம் கொஞ்சமாக நகர்த்துவது மேல். தொடாமல் வைப்பது விவசாயிக்குச் செய்யும் உதவி போலத் தெரியும். ஏற்றும் வருடத்தில்தான் அடி விழும்.

'விருப்பம்' என்பதும் முழு உண்மை இல்லை. உள்ளூரில் விற்பவர் வேண்டுமானால் சோதிக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஹாப்ஸ் நுழைய, அங்குள்ள தரத்துக்கு இது சமம் என்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு தரும் சான்று வேண்டும். ஜெர்மனிக்கு விற்க நினைப்பவருக்கு அது விருப்பம் அல்ல, வாசல். விதை எவ்வளவு, இலை தண்டு எவ்வளவு என்ற சான்றும் அப்படித்தான். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் முழுதாக நம்பாத இடத்தில், இருவரையும் சாராத ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நடுநிலைக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

கட்டணத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், காசு உண்மையில் வீணாவது வேறொரு இடத்தில். அந்தப் பெரியவரின் பையைத் திறந்தபோதே தெரிந்தது. பூ வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, டிரக்கின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்து, ஊரெல்லாம் சுற்றி மாலையில் கொண்டுவந்திருக்கிறார். அதுவும் ஒரே பொதியின் மேல்பக்கத்திலிருந்து கையால் பிய்த்த பூ. பல பொதிகளில் குழாய் துளைப்பானை ஆழமாக இறக்கி, நடுப்பகுதியிலிருந்தும் எடுத்துக் கலந்தால்தான் அது அந்தக் குவியலின் மாதிரி. நான் எத்தனை கவனமாகச் சோதித்தாலும், வரும் எண் அந்தப் பையிலுள்ள பூவைப் பற்றியது மட்டுமே. கிடங்கில் இருக்கும் பொதிகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. "இதைச் சோதித்தால் உங்கள் காசு வீண்" என்று அவரிடம் சொன்னேன். காசு வாங்காமல் திருப்பி அனுப்பியதற்கு மேலாளர் முறைத்தார்.

மூன்று நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். ஐஸ் பெட்டிக்குள் காற்றுப் புகாத உறையில் பூ, மேலே பொதிகளின் எண்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டு, "அடுத்த தடவை இதை ஏற்றும்போது யாரிடம் பேச வேண்டும்?" என்றார். சி.ஆர்.102 பற்றிச் சொல்லி, அறிவிப்பு எங்கே வரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இருபது பேருக்குக் காபி வைத்திருந்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேர், வியாபாரிகள் தரப்பில் ஒருவர், பின்வரிசையில் நான், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி அந்தப் பெரியவர். அவருடைய முறை வந்ததும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் தப்பாகச் செய்துவிட்டு மறுபடி செய்கிற சோதனைகள் இந்தத் தொகையில் எத்தனை?" அதிகாரி பதிலை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லிக் குறித்துக்கொண்டார். நான் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.