சீந்தில் தண்டை அடுப்பில் வைப்பதற்கு முன்னால்

ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் மும்பைத் தமிழ் வீடுகளில் இரண்டு மூலிகைகளின் பெயர் அடிபடத் தொடங்கும். காய்ச்சலுக்குச் சீந்தில், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. இரண்டும் நல்ல மருந்துகள். தவறான செடி, தவறான இடம், தவறான அளவு என மூன்றில் ஒன்று பிசகினாலும் அவையே தொல்லையாகிவிடும்.

முதலில் பெயர். மராத்தியில் சீந்திலுக்குக் குள்வேல், இந்தியில் கிலோய். கீழாநெல்லி பூய் ஆவளா, ஆடாதோடை அடுள்சா. நிலவேம்பு வாங்கப் போய் "சிராயதா" என்று கேட்டால் இமயமலைப் பகுதியில் விளையும் வேறொரு கசப்புச் செடியைக் கட்டிக் கொடுப்பார்கள். "கால்மேக்" என்று கேளுங்கள்.

சீந்தில் வெற்றிலை போன்ற இதய வடிவ இலை கொண்ட கொடி. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அப்படி இலையுள்ள கொடிகள் ஏராளம். தண்டைப் பாருங்கள். முற்றிய தண்டின் மேல்தோல் காகிதம்போல் உரியும், அதற்கு அடியில் பச்சை நிறம் தெரியும். மேலிருந்து நூல் நூலாக விழுதுகள் தொங்கும். குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற அமைப்பு இருக்கும், கை வழவழக்கும். தோலில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் இருப்பது இயல்பு. விரலால் தடவும்போது பாகற்காய்த் தோல்போல நெருக்கமாக முண்டும் முடிச்சுமாக இடறினால் கையை எடுத்துவிடுங்கள். அது டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு இனம். நம் சீந்தில் டினோஸ்போரா கார்டிபோலியா. பூத்திருந்தால் இன்னும் சுலபம்: நம்முடையதற்கு ஆறு இதழ், கிரிஸ்பாவுக்கு மூன்று. இலையும் இளந்தண்டும் வெல்வெட் மாதிரி ரோமமாக இருந்தால் அது மூன்றாவது இனம்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் கொதித்தது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக இங்குள்ள கல்லீரல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிரிஸ்பாவோடு குழம்பியிருக்கலாம் என்று, பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் மறுப்புச் சொன்னது. அதன்பின் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த 43 பேரின் விவரம் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து வெளியானது. பழி முழுவதையும் கிரிஸ்பாவின் தலையில் கட்டிவிட முடியாது என்பதே எங்கள் கருத்து. சீந்தில் நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது. தன் உடலையே தாக்கும் எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளே ஒளிந்திருப்பவருக்கு அந்தத் தூண்டுதலே கெடுதலாகலாம். முடக்குவாதம், சோரியாசிஸ், லூபஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு உள்ளவர்களும், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்களும் சீந்திலைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்போம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும்.

கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. அதைக் குடித்துக்கொண்டே தனியாகச் சீந்தில் கஷாயமும், மேலுக்கு ஒரு சீந்தில் மாத்திரையும் போடுபவர்கள் உண்டு. ஒரே மருந்து மூன்று வழியில் உள்ளே போகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. டப்பாவின் சரக்குப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

காய்ச்சுவது இப்படி. விரல் தடிமனில் ஒரு சாண் நீளப் பச்சைத் தண்டு, ஏறத்தாழ 20 கிராம். காகிதத் தோலைச் சுரண்டி, கழுவி, துண்டாக்கி, அம்மியிலோ உரலிலோ நார் பிரியும்வரை நசுக்குங்கள். 480 மில்லி தண்ணீரில் போட்டு, மூடாமல், சிறுதீயில் 120 மில்லியாக வற்றவிட்டு வடிகட்டுங்கள். காலையில் பாதி, மாலையில் பாதி, உணவுக்கு முன். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. காய்ந்த பொடியென்றால் ஒரு நாளுக்கு 3 முதல் 6 கிராம், அதற்குமேல் இல்லை. மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். இது பெரியவர்களுக்கான அளவு. மாதக்கணக்கில் டீக்குப் பதிலாகக் குடிப்பதற்குச் சீந்தில் டீத்தூள் இல்லை. குடிக்கும் நாட்களில் பசி செத்துப்போனாலோ, குமட்டினாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு, கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி, பிலிருபின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் செய்து பாருங்கள்.

மும்பை ஈரத்தில் காய்ந்த தண்டு எளிதில் பூஞ்சை பிடிக்கும். ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. வெட்டுமுகத்தில் கரும்புள்ளியோ, மக்கிய வாசனையோ இருந்தால் எறிந்துவிடுங்கள், வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காதீர்கள். சீந்தில் சர்க்கரை என்று விற்பது இனிக்கும் சர்க்கரை அன்று, தண்டை நசுக்கி நீரில் ஊறவைத்துப் பிசைந்து, வடித்து, அடியில் தெளிந்த மாவைக் காயவைத்தது. ஒரு கிலோ தண்டுக்குச் சில பத்து கிராம் தேறினாலே அதிகம். மலிவாகக் கிடைப்பது மக்காச்சோள மாவு போன்ற வேறு மாவாக இருக்கலாம்.

எங்கே பறிப்பது? ரயில் பாதை ஓரம் வேண்டவே வேண்டாம், களைக்கொல்லி தெளிக்கும் இடம் அது. மித்தி ஆற்றங்கரை, நாலா எனப்படும் சாக்கடைக் கால்வாய் ஓரம், கூடாது. போரிவலி தேசியப் பூங்காவில் பறிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜன்னல் கிரில்லில் வளர்ப்பதுதான் நல்லது. அடையாளம் உறுதியான கொடியிலிருந்து இரண்டு மூன்று கணு உள்ள ஒரு சாண் துண்டை மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். வெட்டி மாட்டிவைத்த தண்டே காற்றில் துளிர்ப்பதைப் பார்த்துத்தானே அமிர்தவல்லி என்று பெயர் வைத்தார்கள். தண்டு விரல் பருமன் ஆகும்வரை பொறுத்திருங்கள்.

கீழாநெல்லிக்கு வருவோம். ஒரு சாண், இரண்டு சாண் உயரம். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகச் சிறு காய்கள், ஒவ்வொன்றும் குட்டிக் காம்பில் தொங்கும். காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக, தண்டும் சிவந்திருந்தால் அது செங்கீழாநெல்லி. தண்டைக் கிள்ளினால் பால் வருகிறதா? அப்படியானால் அது அம்மான் பச்சரிசி போன்ற வேறு செடி.

வழக்கமாகக் கொட்டைப்பாக்கு அளவு பச்சை விழுதை மோரில் கலக்கிக் காலையில் கொடுப்பார்கள். அடுப்பில் ஏறாத மருந்து இது. மழைக்காலக் காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ, ஈ. இரண்டும் சாக்கடை கலந்த நீரில் பரவுபவை. சாக்கடை ஓரத்தில் முளைத்ததைப் பச்சையாக அரைத்துக் கொடுத்தால், நோயைக் கொண்டுவந்த தண்ணீரையே மருந்தாகத் திருப்பிக் கொடுக்கிறோம். ஓடும் நீரில் மண் போக அலசி, கடைசி அலசலைக் கொதித்து ஆறிய நீரில் செய்யுங்கள். மோருக்கும் அதே நீர்தான்.

காமாலை எல்லாமே ஒன்று என்று நினைத்துவிடவும் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து இந்த ஊரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவியது. எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடந்தால், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமி ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்கமுடியாத வலி, சிவந்த கண், பிறகு மஞ்சள், சிறுநீர் குறைவு. இதற்குக் கீழாநெல்லி போதாது. சயான், குர்லா, தாராவிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய், தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் ரத்தப் பரிசோதனை. என்ன கஷாயம், எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், முடிந்தால் தண்டின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.