அறுபது டன் ராக்கெட்டில் ஓரியன் ஏன் ஏறவில்லை?

கிரேன் வாடகைக்குக் கேட்பவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை டன்?' என்பதைத்தான். கடலூர் சிப்காட் தொழிற்சாலைகளில் பாரம் தூக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்றளிப்பது என் தொழில். 100 டன் கிரேன் என்றால் 100 டன்னைத் தூக்கிவிடும் என்று அனுபவமுள்ள மேலாளர்கள்கூட நம்புகிறார்கள். அந்த 100 டன், கிரேனின் நீளும் கையான பூமைக் குறுக்கி ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூன்று மீட்டர் தொலைவுக்குள் தூக்கும்போது மட்டும்தான். அதே கிரேன் இருபது மீட்டர் தள்ளி ஒரு கலனை இறக்க வேண்டுமானால் பத்துப் பதினைந்து டன் தேறினால் பெரிது. கொக்கியின் எடையும், பாரத்தைக் கட்டும் ஸ்லிங்கின் எடையும் அதிலேயே கழியும். ஓட்டுநர் அறையில் ஒட்டியிருக்கும் லோடு சார்ட்டில் இவ்வளவும் இருக்கிறது. படிப்பவர்தான் குறைவு.

பாரம் தூக்கும் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்கப் போகும் இடங்களில் இப்போது இளைஞர்கள் ராக்கெட் பற்றியும் கேட்கிறார்கள். நிலவுக்கு மனிதரை ஏற்றிச் செல்லும் ஓரியன் விண்கலம் ஏறத்தாழ 26 டன். ஃபால்கன் ஹெவி ராக்கெட் 63.8 டன் தூக்கும் என்று அதைச் செய்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமே சொல்கிறது. பிறகு எதற்கு நாசா, எஸ்.எல்.எஸ். என்ற அவ்வளவு விலையுள்ள ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறது? கேள்வி நியாயமானது. விலை உண்மையிலேயே மலைக்க வைக்கிறது: ஆர்ட்டெமிஸ் என்ற நிலவுத் திட்டத்தின் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் 4.1 பில்லியன் டாலர், அதில் ராக்கெட்டுக்கு மட்டும் 2.2 பில்லியன் என்று நாசாவின் தலைமைத் தணிக்கை அதிகாரியாக இருந்த பால் மார்ட்டின் 2022 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார்.

ஆனால் அந்த 63.8 டன் எந்தத் தொலைவுக்கு? புவியின் தாழ்வான சுற்றுப்பாதைக்கு. அதாவது, மூன்று மீட்டர் கணக்கு. அதே நிறுவனத்தின் அட்டவணையில் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை இறக்கிவிடும் நீள்வட்ட மாற்றுப் பாதைக்கு 26.7 டன், செவ்வாய்க்கு 16.8 டன். தாழ்பாதையிலிருந்து மாற்றுப் பாதைக்குப் போக நொடிக்குச் சுமார் 2.4 கிலோமீட்டர் கூடுதல் வேகம் வேண்டும். நிலவை நோக்கிப் போக 3.1 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆக, நிலவுக்கான எண் 26.7க்குக் கீழேயும் 16.8க்கு மேலேயும் எங்கோ விழுகிறது. அதை வைத்துக்கொண்டு 26 டன் ஓரியனை ஒரே மூச்சில் அனுப்புவது, சார்ட்டின் விளிம்பைத் தாண்டிப் பூமை நீட்டுவதற்குச் சமம். போதாக்குறைக்கு, ஓரியனின் தலையில் ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள தப்பிக்கும் கோபுரமும் இருக்கிறது. அது ஏறும் வழியில் கழன்றுவிடும் என்றாலும், அதுவரை ராக்கெட் அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். எஸ்.எல்.எஸ்.ஸின் முதல் வடிவம் நிலவுப் பாதைக்கு 27 டன் தள்ளும். கணக்கு அதில் மட்டும் நேராக வருகிறது, அதுவும் மயிரிழையில்.

நம் சந்திரயான்-3 எப்படிப் போனது என்று உடனே கேட்பார்கள். இஸ்ரோவின் எல்.வி.எம்.-3 ராக்கெட் அதை நேரே நிலவுக்கு அனுப்பவில்லை. 3.9 டன் கலத்தை ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டது. மிச்ச வேலையைக் கலமே தன் எஞ்சினால் செய்துகொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, 2023 ஜூலை 14இல் கிளம்பி ஆகஸ்ட் 23இல் இறங்கியது. சிக்கனமான, அழகான வழி. உள்ளே ஆள் இருந்தால் அது ஆகாது. நீள்வட்டத்தில் சுற்றும் ஒவ்வொரு முறையும் பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்க வேண்டும். நான்கு பேருக்கு ஓரியன் காற்றும் நீரும் தருவது 21 நாட்களுக்குத்தான்.

மாற்று ராக்கெட் யோசனை வெறும் டீக்கடைப் பேச்சாக இருந்ததில்லை. எஸ்.எல்.எஸ். தாமதமாகிக்கொண்டே போனபோது, 2019 மார்ச்சில் நாசாவின் நிர்வாகி ஜிம் பிரைடன்ஸ்டைன் செனட் குழு முன்னிலையிலேயே இதைச் சொன்னார். 2020 ஜூனில் நடக்க வேண்டிய ஆளில்லாச் சோதனைப் பயணத்தைத் தனியார் ராக்கெட்டுகளைக் கொண்டு நடத்தலாமா என்று ஆராய்வதாக அறிவித்தார். ஒரு ராக்கெட்டில் ஓரியன், இன்னொன்றில் எரிபொருள் நிரப்பிய மேலடுக்கு, அதாவது சொந்த எஞ்சினோடு ராக்கெட்டின் உச்சியில் இருக்கும் பகுதி. விண்ணில் இரண்டையும் பிணைத்து நிலவை நோக்கித் தள்ளுவது ஒரு வழி. ஃபால்கன் ஹெவியின் மேல் வேறொரு மேலடுக்கைப் பொருத்தி, அதன் மேல் ஓரியனை வைப்பது இன்னொரு வழி.

முதல் வழியை முடக்கிய காரணம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்த ஓரியனால் விண்ணில் எதனோடும் பிணைந்துகொள்ள முடியாது. அந்தத் திறன் பிந்தைய பயணங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு கப்பலைக் கட்டும்போதே, அது ஒரே துறையிலிருந்துதான் புறப்படும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டாம் வழியில் தடைகள் அதிகம், எல்லாம் என் தொழிலுக்கு நெருக்கமானவை. ஃபால்கனைப் படுக்கை நிலையில் ஒன்றுசேர்த்து, சுமையையும் படுக்கையிலேயே பொருத்தி, பிறகு நிமிர்த்துவார்கள். ஓரியன் நின்ற நிலையில் ஏற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது. நீண்ட கலனைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தும்போது ஒவ்வொரு பாகை திரும்பும்போதும் சுமை இடம் மாறும் என்பது சிப்காட்டில் ஒரு கோபுரக் கலனை இரண்டு கிரேன்களால் எழுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நின்றபடி சுமக்கும் வலிமை இருக்கிறது என்பதால் படுத்தபடி தொங்கும் வலிமையும் இருக்கும் என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். அடுத்தது எரிபொருள். ஃபால்கனுக்கு மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் போதும். பேசப்பட்ட மேலடுக்குக்குத் திரவ ஹைட்ரஜன் வேண்டும். அதற்கான தொட்டி, குழாய், வால்வு எல்லாவற்றையும் அந்த ஏவுதளத்தில் புதிதாக அமைக்க வேண்டும். அடுக்கின் உயரம் கூடினால் காற்றில் வளையும் விசையும் கூடும். வீரர்கள் ஏறும் பாலமும் அந்த உயரத்துக்கு வர வேண்டும். செய்ய முடியாதது என்று இதில் எதுவும் இல்லை. காலமும் பணமும் சேமிப்பதற்காகத் தொடங்கிய மாற்று இரண்டையும் தின்னும் என்பதுதான் முடிவாக வந்தது. எஸ்.எல்.எஸ்.ஸிலேயே அந்தப் பயணம் நடந்தபோது 2022 நவம்பர் 16 ஆகிவிட்டது. இரண்டரை ஆண்டு கூடுதல் அவகாசம் கிடைக்கும் என்று 2019இல் தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்னவோ.

ஓரியன் வேறு ராக்கெட்டில் பறந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 டிசம்பர் 5இல் டெல்டா-4 ஹெவி அதை ஏற்றிச் சென்றது. இரண்டு சுற்று, நாலரை மணி நேரம், 5,800 கிலோமீட்டர் உயரம். அப்போது உள்ளே ஆள் இல்லை. இதைக் காட்டி 'அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது' என்று எழுதுபவர்கள் அந்த ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆள் ஏறினால் கேள்வியே மாறுகிறது. மேலே கொண்டுபோகுமா என்பதோடு, வழியில் கெட்டுப்போனால் உயிரோடு இறக்குமா என்றும் பார்க்க வேண்டும். தப்பிக்கும் கோபுரம் இருப்பது மட்டும் போதாது. ராக்கெட் ஏறும் பாதையின் வடிவமும் சேர்ந்துதான் உயிரைக் காக்கும். மேலடுக்கின் எஞ்சின் பலவீனமாக இருந்தால் ராக்கெட் முதலில் செங்குத்தாக உயரே போய், பிறகு மெதுவாக வேகம் பிடிக்கும். அந்த உச்சியில் கோளாறு வந்தால் கலம் கல்லைப் போல நேராக விழுந்து, அடர்ந்த காற்றில் மோதும். 1975 ஏப்ரல் 5இல் சோவியத் நாட்டின் சோயுஸ் கலம் ஒன்று ஏறும் வழியில் ராக்கெட்டிலிருந்து பிரிய நேர்ந்தபோது உள்ளே இருந்த லாசரெவ், மகாரோவ் இருவரும் புவியீர்ப்பைப் போல 20 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கினார்கள். பிழைத்தது பெரிய விஷயம். 2018 அக்டோபர் 11இல் இன்னொரு சோயுஸ் பாதி வழியில் பழுதானது. அதில் வீரர்கள் தாங்கியது ஏழு மடங்குக்குள். கோளாறு எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வந்தது என்பதே இவ்வளவு வித்தியாசத்தைக் கொடுக்கிறது. ஓரியனுக்கு டெல்டா வகை ராக்கெட்டுகள் வேண்டாம் என்று நாசா ஆரம்பத்தில் தள்ளியதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. பாதையைத் தாழ்த்தி, கொஞ்சம் சுமையை இழந்தால் சரியாகிவிடும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. எனக்கு எதிர்த்தரப்பின் பக்கமே சாய்வு. ஆனால் 'கொஞ்சம் சுமையை இழந்தால்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பெயர்ப்பலகையில் எழுதிய டன் அங்கேயும் குறைகிறது.

ஒரே ராக்கெட்டில் எல்லாவற்றையும் அடுக்க முடியாதபோது வேலையைப் பங்கு போடுவதுதான் வழி. அப்போலோ காலத்து வாதமும் இதுவே. பூமியைச் சுற்றிவந்து பிணைப்பதா, நிலவைச் சுற்றிவந்து பிணைப்பதா, ஒரே பெரும் ராக்கெட்டில் நேரே இறங்குவதா என்று ஆண்டுக்கணக்கில் மோதி, 1962இல்தான் நிலவுச் சுற்றுப்பாதைப் பிணைப்பை ஏற்றார்கள். அதற்காகத் தன் மேலதிகாரிகளைத் தாண்டிக் கடிதம் எழுதியவர் நாசா பொறியாளர் ஜான் ஹூபோல்ட். இன்று சீனா லாங் மார்ச்-10 ராக்கெட்டுகள் இரண்டில் ஆள் ஏறும் கலத்தையும் இறங்கு கலத்தையும் தனித்தனியே அனுப்பி, நிலவருகே பிணைக்கத் திட்டமிட்டிருக்கிறது.

நம் கணக்கும் அதே திசையில்தான் போகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அடுத்த தலைமுறை ராக்கெட்டின் இலக்கு 30 டன், தாழ்பாதைக்கு. இந்தியர் ஒருவரை 2040க்குள் நிலவில் இறக்க வேண்டும் என்ற அறிவிப்போடு அந்த எண்ணை ஒட்டவைத்துச் செய்தி எழுதுபவர்கள், 30 டன்னில் நிலவு வரை எவ்வளவு மிஞ்சும் என்று எழுதுவதில்லை. 2025 ஜனவரி 16இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனைக் கலங்கள் இரண்டும் விண்ணில் பிணைந்ததை நான் இதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அவை ஒவ்வொன்றும் 220 கிலோதான். நிலவின் மண் மாதிரியை எடுத்துவரப் போகும் சந்திரயான்-4, எல்.வி.எம்.-3 ராக்கெட்டுகள் இரண்டில் பிரிந்து ஏறி, மேலே ஒன்றுசேரும்படி வரையப்பட்டிருக்கிறது.