புக்கி தரகரா?

தாராவி 90 அடி சாலையில் உள்ள தேநீர்க் கடையில் தமிழ் நாளிதழைப் பிரித்தேன். ‘கிரிக்கெட் சூதாட்டத் தரகர்கள் மூவர் கைது’ என்றிருந்தது. பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். எட்டிப் பார்த்த அண்ணன் மகன், “சித்தப்பா, தரகர் என்றால் தலால்தானே? புக்கி எப்படித் தலால் ஆவான்?” என்று கேட்டான். சரியான கேள்வி.

அரபியிலிருந்து வந்த ‘தலால்’ என்ற சொல்லுக்குத் தரகர் என்று பொருள். பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவுக்குப் பெயர் தந்ததும் அதுதான். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துத் தரகு பெறுபவர் தரகர். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய கைமுதல் போகாது. புக்கியோ பந்தயத்தில் நமக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர். நாம் வென்றால் அவர் பணம் தர வேண்டும். தோற்றால் நம் பணம் அவருக்கு.

‘புக்மேக்கர்’ என்பதன் சுருக்கமே புக்கி. இங்கே ‘புக்’ என்பது பந்தயங்களைப் பதியும் கணக்கேடு. எந்தக் குதிரை வென்றாலும் தமக்கு மிஞ்சும்படி அந்த ஏட்டை அமைப்பதுதான் அவருடைய திறமை. சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன என்று வையுங்கள். நியாயப்படி 100 ரூபாய்க்கு 200 கிடைக்க வேண்டும். புக்கி 190 என்றுதான் விலை சொல்வார். இருபக்கமும் ஆளுக்கு 100 கட்டினால் வரவு 200, செலவு 190. மிச்சம் 10 ரூபாய் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கமே பணம் குவிந்தால் ஏடு சாயும். விலையை மாற்றி மறுபக்கத்துக்கு ஆள் இழுப்பார்.

‘பெட்டிங் எக்ஸ்சேஞ்ச்’ வேறு வகை. 2000-இல் ஆண்ட்ரூ பிளாக்கும் எட்வர்ட் ரேயும் இங்கிலாந்தில் தொடங்கிய பெட்ஃபேர் இதைப் பரவலாக்கியது. அங்கே பந்தயம் கட்டுபவருக்கு எதிரி அவரைப் போன்ற இன்னொருவர். ஒருவர் ‘இந்தக் குதிரை வெல்லும்’ என்று மூன்று மடங்கு விலைக்கு, அதாவது வென்றால் 300 கிடைக்கும்படி, 100 கட்டுகிறார். வேறொருவர் ‘வெல்லாது’ என்று அதை ஏற்கிறார். குதிரை வென்றால் ஏற்றவருக்கு 200 ரூபாய் நட்டம். தோற்றால் 100 ரூபாய் லாபம். ஏற்க ஆள் கிடைக்காத பந்தயம் நடைமுறைக்கே வராது. நிறுவனம் எந்தப் பக்கமும் நிற்பதில்லை. வென்றவரின் லாபத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறது. தரகு என்றால் இதுதான். நாளிதழ்கள் புக்கிக்குக் கொடுக்கும் பெயர் உண்மையில் எக்ஸ்சேஞ்சுக்கு உரியது.

இதைப் ‘பந்தயப் பரிமாற்றம்’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டாக் எக்ஸ்சேஞ்சைப் பங்குச் சந்தை என்று அழகாகச் சொல்லிவிட்டோம்; அதே வழியில் இது ‘பந்தயச் சந்தை’. பழந்தமிழில் சூதாடும் இடத்துக்குக் ‘கழகம்’ என்றே பெயர் இருந்தது. இன்று அந்தச் சொல் நல்ல இடங்களில் குடியேறிவிட்டது. அதைத் திரும்ப இழுக்க வேண்டாம்.

மும்பைப் பந்தயப் பேச்சில் கட்டுவது ‘லகாயி’, ஏற்பது ‘காயி’. லகானா என்றால் வைப்பது, கானா என்றால் தின்பது. தமிழுக்குக் கட்டுதல், ஏற்றல் என்ற இரண்டும் போதும். ஆகவே புக்கி ‘பந்தயம் ஏற்பவர்’.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. கைதுச் செய்திகள் இன்னும் வரும். அன்றைய தலைப்பின் ஓரத்தில் அண்ணன் மகனுக்காகப் பேனாவால் எழுதிக் காட்டினேன்: ‘கிரிக்கெட் பந்தயம் ஏற்ற மூவர் கைது.’