மலை இறங்கும் கியர்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பேருந்தில் டிரைவரின் இடது கையைக் கவனித்திருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகள் 20. அத்தனைக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அடிவாரம் வருவதற்குள் கருகல் வாடை வந்துவிடும். அதனால் கியரைக் குறைத்து, இன்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்து வைப்பார்.

நம் இதயத்துக்கும் அப்படியொரு பிடி உண்டு. தன் போக்கில் விட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 சொச்சத்தில் நிற்கிறதென்றால், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி தளரும், விடும்போது இறுகும். மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள், துடிப்பு கொஞ்சம் இடைவெளி விட்டு வரும். சின்ன வயதுக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ பரீட்சை ஹால்ல மூச்சை நீளமா விட்டா போதுமா மாமா?" என்றாள். படபடப்பு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்களே, இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி, அதற்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் பத்தே நொடியில் மனசு மார்க் பக்கமோ இன்ஸ்டா பக்கமோ ஓடிவிடும். ஓடியதைக் கண்டுகொண்டு, திட்டாமல், திரும்பவும் மூச்சுக்குக் கூட்டிவர வேண்டும். நூறு தடவை ஓடினால் நூறு தடவை. மனசைக் காலி செய்யப் பார்த்து, முடியாமல், 'எனக்கு இது வராது' என்று எழுந்துவிடுகிறார்கள் பாவம். ஓடியது தெரிந்தாலே பயிற்சி நடக்கிறது என்று பொருள்.

பதின்வயதில் இது கூடுதல் சிரமம். பயத்துக்கும் கோபத்துக்கும் முதலில் துள்ளும் அமிக்டாலா என்ற மூளைப் பகுதி அந்த வயதில் சுறுசுறுப்பாக இருக்கும். அதைச் சமாதானப்படுத்த வேண்டிய நெற்றிப் பக்க மூளை முதிர்ந்து முடிய 25 வயது ஆகிவிடும்.

சரி, பள்ளியிலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால்? பிரிட்டனில் 11 முதல் 14 வயதுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் அதைச் செய்து பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான பாடமுறையைவிடப் பெரிதாகப் பலன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புக்கு வந்தவர்கள் தீராத வலிக்கு வழி தேடிய பெரியவர்கள். பீரியட் போட்டு உட்காரவைத்தால் அது இன்னொரு பாடம், அப்புறம் இன்னொரு எரிச்சல்.

பிடித்த பிள்ளைகள் செய்யட்டும். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், பிடித்த விளையாட்டும் கசந்துபோனால் மூச்சுப் பயிற்சியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்; மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். அக்காவின் போனில் அந்த எண்ணை நானே பதிந்து கொடுத்தேன். மகளும் பதிந்துகொண்டாள், தோழி ஒருத்திக்காம்.