அக்காவின் மூக்கில் இருந்த கிருமி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எலும்பு அறுவை தியேட்டரில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஒருமுறை ஆறு வாரத்துக்குள் மூன்று பேருக்கு மூட்டு மாற்றிய இடத்தில் சீழ் பிடித்தது. சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு வைத்த மூட்டையே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், காற்று வடிகட்டி எல்லாம் பார்த்தோம், குறையில்லை. மூன்று சீழிலும் வளர்ந்தது ஒரே வகை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதன்பிறகுதான் தியேட்டரில் நின்ற எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டோம், என் மூக்கிலும்.

அதே கிருமி கிடைத்தது கருவி எடுத்துக்கொடுக்கும் சிஸ்டரிடம். எல்லாருக்கும் அக்கா அவர்.

"காவடி விரதத்துல ரெண்டு வேளையும் தலைக்குக் குளிக்கிறவ டாக்டர் நான். என்கிட்டயா அழுக்கு?" என்று அழுதார்.

இது அழுக்கே இல்லை. நல்ல ஆரோக்கியமானவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கின் முன்பகுதியில் இந்தக் கிருமியோடுதான் இருக்கிறார். குளியல் அங்கே எட்டாது. மூக்கைத் தொட்ட விரல் வழியாகவும், உதிரும் தோல் துகள் வழியாகவும் அது புண்ணுக்குப் போகும். கையில் கரப்பான் என்ற தோல் நோய் இருந்தால் இன்னும் அதிகம். அக்காவுக்கு முழங்கை வரை தோல் வெடித்திருந்தது. நோயாளிகளுக்காகக் கழுவிக் கழுவி வந்த புண் அது. சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று மறைத்து வைத்திருந்தார்.

கிருமியைக் கொல்லும் முபிரோசின் களிம்பு இரண்டு நாசியிலும் நாளுக்கு 2 வேளை, 5 நாள். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் குளியல், கைக்குத் தனி மருந்து. அதுவரை தியேட்டருக்கு வெளியே வேலை, சம்பளத்தில் கைவைக்கவில்லை. மறுபரிசோதனையில் கிருமி இல்லை. சில மாதத்தில் திரும்ப வரலாம் என்பதால் பிறகும் ஒருமுறை பார்த்தோம்.

மாதாமாதம் எல்லா ஊழியரையும் சோதிக்கலாம் என்றார் நிர்வாகத்தில் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டவர்க்கெல்லாம் களிம்பு கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்கும் பழகிவிடும். ஒரே கிருமி அடுத்தடுத்துத் தலைகாட்டினால் ஊழியரைச் சோதிக்கலாம். மற்றபடி புண்ணில் சேர்வது பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் கிருமிதான். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மூக்கில் கிருமி இருந்த நோயாளிகளுக்கு இதே களிம்பும் குளியலும் கொடுத்தார்கள். அவர்களில் 3.4 சதவீதம் பேருக்கே ஆரியஸ் தொற்று வந்தது. மருந்தில்லாத களிம்பு பெற்றவர்களில் அது 7.7.

இப்போது புதிதாக வரும் நர்ஸ்களிடம் அக்காவே முதல் நாள் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். வெடிப்பு தெரிந்தால், "மறைக்காத தங்கச்சி, எனக்கும் இருந்துச்சு" என்கிறார்.