மைக்கின் திசையைத் தீர்மானிக்கும் வோல்டேஜ்

நியூமன் யு87 போன்ற பெரிய ஸ்டூடியோ மைக்கின் முகப்பில், கம்பி வலைக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதில் மூன்று நிலைகள். வட்டத்தில் வைத்தால் மைக் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாகக் கேட்கும். இது ஓம்னி. இதய வடிவத்தில் வைத்தால் முன்னால் நிற்பவரை நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கத்தைக் கேட்காது. இது கார்டியாய்ட். எட்டு (8) வடிவத்தில் வைத்தால் முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும், இரு பக்கவாட்டுகளிலும் செவிடாகிவிடும். சுவிட்சைத் தள்ளும்போது உள்ளே ஏதோ கதவு திறந்து மூடுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காற்று போகும் வழி எதுவும் மாறுவதில்லை, ஒலியைப் பிடிக்கும் பாகமான கேப்சூலும் திரும்புவதில்லை. ஒலியைப் பொறுத்தவரை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, மின்சாரத்தில் ஒரு கூட்டல் கழித்தல் மட்டும் நடக்கிறது.

முதலில் கேப்சூலைப் பார்ப்போம். நடுவே துளைகள் போட்ட பித்தளைத் தட்டு ஒன்று. அதன் இரு முகங்களிலும் தங்கம் பூசிய பாலியெஸ்டர் படலம், அதாவது டயாஃப்ரம், இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குறுக்களவு ஏறக்குறைய ஓர் அங்குலம், தடிமன் சில மைக்ரான். படலத்துக்கும் தட்டுக்கும் இடையிலான சந்து தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. படலம் ஒரு தகடு, பித்தளை இன்னொரு தகடு, நடுவில் காற்று. பள்ளிக்கூட இயற்பியலில் படித்த மின்தேக்கியேதான் இது. இந்த வகை மைக்கை 1916-இல் அமெரிக்காவில் இ.சி. வென்ட்டே உருவாக்கினார்.

இந்த மின்தேக்கிக்கு சில பத்து வோல்ட் கொடுத்து மின்னூட்டம் ஏற்றுகிறோம். ஆனால் நேராகக் கொடுப்பதில்லை, கிகா ஓம் அளவிலான மிகப்பெரிய மின்தடை வழியாகக் கொடுக்கிறோம். அதனால் ஏறிய மின்னூட்டம் அவசரமாக உள்ளே வரவும் முடியாது, வெளியேறவும் முடியாது. குரல் மோதிப் படலம் உள்ளே அமுங்கும்போது சந்து குறுகி மின்தேக்குத்திறன் கூடுகிறது. மின்னூட்டம் மாறாததால் வோல்டேஜ் இறங்கியாக வேண்டும். படலம் வெளியே வந்தால் வோல்டேஜ் ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் நமக்குக் கிடைக்கும் ஒலிச் சைகை.

சைகை இருக்கிறதே தவிர, அதற்குத் தெம்பு கிடையாது. கேப்சூலின் மின்தேக்குத்திறன் சில பத்து பிக்கோஃபாரட்தான். ஒரு மீட்டர் ஒயரின் மின்தேக்குத்திறனே அந்த அளவுக்கு வந்துவிடும். கேப்சூலை நேரடியாக ஒயரில் இணைத்தால் சைகையை ஒயரே விழுங்கிவிடும். எனவே கேப்சூலுக்கு மிக அருகில், மைக்கின் உடலுக்குள்ளேயே, சைகைக்குத் தெம்பு ஏற்றும் சுற்று ஒன்று தேவை. 1949-இல் வந்த நியூமன் யு47-இல் இந்த வேலையை விஎஃப்14 என்ற வால்வு, அதாவது வெற்றிடக் குழல், செய்தது. 1967-இல் வந்த யு87-இல் எஃப்இடி வகை ட்ரான்சிஸ்டர் செய்தது. கிகா ஓம் கணக்கில் இயங்கும் இடம் என்பதால் ஈரம் இதற்குப் பரம எதிரி. பாடுபவரின் மூச்சு ஈரமும் தூசியும் சேர்ந்து கேப்சூலின் ஓரத்தில் படிந்தால், அதன் வழியே மின்னூட்டம் கசிந்து படபடவெனச் சத்தம் வரும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் மைக்கைச் சிலிகா ஜெல் பையோடு பெட்டியில் வைப்பதும், முன்னால் மூச்சைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் மாட்டுவதும் இதனால்தான் அவசியம்.

இனி திசை. 1930-களில் பெர்லினில், ஜெர்மன் வானொலியில் பணியாற்றிய ஹான்ஸ் யோவாகிம் ஃபொன் பிரவுன்முல், வால்டர் வெபர் இருவரும் இந்த இரட்டைப் படல கேப்சூலை வடிவமைத்தார்கள். பித்தளைத் தட்டில் சில துளைகள் பாதியில் நின்றுவிடும், சில மறுபக்கம் வரை ஊடுருவும். ஊடுருவும் துளைகளிலும் ஒடுங்கிய சந்துகளிலும் நுழையும் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் மறுபக்கம் வந்து சேரும். சூட்சுமம் அந்தத் தாமதத்தில் இருக்கிறது.

முன்படலத்தை மட்டும் கவனியுங்கள். பின்னாலிருந்து ஒரு ஒலி வருகிறது. அது இரண்டு வழிகளில் முன்படலத்தை அடைகிறது: கேப்சூலைச் சுற்றிக்கொண்டு வெளிவழியாக, துளைகள் ஊடாக உள்வழியாக. காற்றில் ஒலி ஒரு செ.மீ. கடக்கச் சுமார் 29 மைக்ரோ நொடி ஆகும். வெளிவழிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதே நேரம் உள்வழிக்கும் ஆகுமாறு துளைகளை அமைத்திருக்கிறார்கள். படலத்தின் இரு முகங்களையும் ஒரே கணத்தில் ஒரே அழுத்தம் தாக்குகிறது. எனவே அது அசைவதில்லை. முன்னாலிருந்து வரும் ஒலியோ முதலில் முன்முகத்தைத் தாக்கி, பிறகு சுற்றிப் போய், அதற்கும் பிறகு துளைக்குள் தாமதித்து உள்முகத்தை அடைகிறது. இரண்டுக்கும் இடையே நேரம் விழுந்துவிடுவதால் படலம் நன்றாக அசைகிறது. இதுதான் கார்டியாய்ட். பின்படலத்துக்கும் இதே கதைதான், திசை மட்டும் நேரெதிர்.

இப்போது கணக்கு. முன்படலத்தின் அளவை முன், பக்கம், பின் என்ற வரிசையில் எழுதினால் 1, ½, 0. பின்படலத்துக்கு 0, ½, 1. இரண்டையும் கூட்டுங்கள்: 1, 1, 1. ஓம்னி வந்துவிட்டது. முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள்: 1, 0, கழித்தல் 1. இது எட்டு. பின்படலத்தைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் கார்டியாய்ட். கூட்டவும் கழிக்கவும் செய்ய வேண்டியது, பின்படலத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜை மாற்றுவதுதான். முன்படலத்துக்குக் கொடுத்த அதே வோல்டேஜைக் கொடுத்தால் கூட்டல், நேர் எதிரானதைக் கொடுத்தால் கழித்தல், பூஜ்யம் என்றால் மௌனம். அந்த மௌனத்திலும் பின்படலம் அசைந்துகொண்டே இருக்கும். ஒலியின் பாதையில் அதுவும் ஓர் உறுப்பு. அதன் அசைவு மின்சாரமாக மாறாது, அவ்வளவே.

எதிர் வோல்டேஜில் பாதியை மட்டும் கொடுத்தால்? 1, ¼, கழித்தல் ½. பக்கவாட்டு ஒலி இன்னும் குறைந்து, முழுச் செவிடு விழும் இடம் முன்புறத்திலிருந்து சுமார் 110 பாகையில் நிற்கிறது. ஹைப்பர் கார்டியாய்ட் என்பது இதுதான். ஆக, வோல்டேஜைச் சிறிது சிறிதாக மாற்றினால் இடைப்பட்ட வடிவங்கள் எல்லாமே கிடைக்கும். 1950-களின் தொடக்கத்தில் வந்த நியூமன் எம்49 இதைத்தான் செய்தது. வியன்னாவின் ஏகேஜி 1953-இல் கொண்டுவந்த சி12-இல் ஒன்பது வடிவங்கள் உண்டு, அவற்றைத் தேர்வு செய்யும் குமிழ் மைக்கில் இல்லை, ஒயரின் மறுமுனையில் தனிப் பெட்டியில் இருந்தது. உயரத்தில் தொங்கும் மைக்கை யாரும் ஏணி வைத்து ஏறித் தொடாமல், கீழே இருந்தபடியே அதன் திசையை மாற்றலாம். மைக் வடிவமைப்பில் இதைவிட அழகான யோசனையை நான் பார்த்ததில்லை.

பயன்படுத்தும்போது, மைக் எதைக் கேட்கிறது என்பதைவிட எதைக் கேட்க மறுக்கிறது என்பதை முதலில் யோசிப்பது நல்லது. கார்டியாய்ட் பக்கவாட்டு ஒலியைப் பாதியாகத்தான், அதாவது 6 டெசிபெல்தான், குறைக்கிறது. எட்டு வடிவம் பக்கவாட்டில் தருகிற செவிடு அதைவிடப் பல மடங்கு ஆழமானது. கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவரை இரண்டு மைக்கில் தனித்தனியாகப் பிடிக்க வேண்டுமா? இரண்டையும் எட்டில் வையுங்கள். குரல் மைக்கின் பக்கவாட்டு கிட்டாரைப் பார்க்கும்படியும், கிட்டார் மைக்கின் பக்கவாட்டு வாயைப் பார்க்கும்படியும் சாய்த்து வைத்தால் ஒன்றில் மற்றொன்று கலப்பது வெகுவாகக் குறையும். இருவர் எதிரெதிரே நின்று ஒரே மைக்கில் பாடவும் எட்டுதான் வசதி. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குரல்களுக்குப் பயன்பட்ட யு48, கார்டியாய்டும் எட்டும் கொண்ட மைக்.

அருகில் பேசினால் குரலில் அடிக்கனம் கூடுவதற்கும் ஒரு கழித்தல்தான் காரணம். திசை உணரும் மைக், படலத்தின் இரு முகங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. தாழ்ந்த சுரங்களில் அலை நீளமானது என்பதால் நேர இடைவெளியால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது, அதைக் கேப்சூலின் அமைப்பே ஈடுகட்டிக் கொடுக்கிறது. வாயை மிக அருகே கொண்டுபோனால் முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் உள்ள தூர வித்தியாசமே ஒரு கூடுதல் அழுத்த வித்தியாசத்தைத் தருகிறது. ஏற்கெனவே செய்த ஈட்டுக்கு மேல் இதுவும் சேர்ந்துகொள்வதால் அடிக்குரல் பெருக்கிறது. எட்டில் இது மிக அதிகம். ஓம்னியில் இரண்டு பாதிகளும் கூடும்போது இந்த விளைவு தானே அடிபட்டுப்போகிறது. பாடகர் அசைந்து அசைந்து பாடுபவர் என்றால், அறையும் நன்றாக இருந்தால், நான் ஓம்னியைத்தான் சிபாரிசு செய்வேன்.

இந்தக் கணக்கு எல்லா அலைவரிசைகளிலும் சுத்தமாக நிற்பதில்லை. 10,000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ., ஏறக்குறைய கேப்சூலின் அளவு. அங்கே கேப்சூலே ஒலிக்குத் தடையாக நிற்கிறது. ½ கூட்டல் ½ என்பது 1 ஆகாமல், பக்கவாட்டில் மேல்சுரங்கள் மங்குகின்றன. குரலுக்கு இது பொருட்டல்ல. முழு இசைக்குழுவை ஓம்னியில் பிடிக்க நினைத்தால் இரட்டைப் படல மைக் சரிப்படாது, பின்பக்கம் மூடிய ஒற்றைப் படல மைக்தான் வேண்டும். இசைக்குழுக்களைப் பதிவு செய்த டெக்கா நிறுவனத்தார் தங்கள் மும்மைக் அமைப்புக்குத் தேர்ந்தெடுத்த நியூமன் எம்50 அப்படிப்பட்டதுதான். அதில் ஒரு சின்ன கேப்சூலை ஓர் உருண்டையில் பதித்திருப்பார்கள். வடிவம் மாற்றும் சுவிட்ச் அதில் கிடையாது.